மன்றம் இழந்த ஒரு சொல்

முதுகலை மாணவர்களுக்கு மொழிபெயர்ப்பியல் தாள் நடத்தும் பொறுப்பும் எனக்கு உண்டு. சென்ற பருவத்தில் ஒரு நாள் நேர்ச்சொல் காண்பதில் உள்ள இடர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “ஐயா, ‘திங்’ என்பதற்குத் தமிழில் என்ன?” என்று கேட்டார். இதற்குப் போய் அகராதி எதற்கு என்ற நினைப்பில் “பொருள்” என்றேன். அவர் உட்காரவில்லை. “‘தி திங் ஈஸ், ஐ காண்ட் கம்’ என்றால், ‘பொருள் என்னவென்றால், என்னால் வர இயலாது’ என்று எழுதலாமா? ‘புவர் திங்’ என்பதை ‘ஏழைப் பொருள்’ என்று எழுதலாமா?” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். மணி அடித்ததால் அன்று தப்பினேன்.

மாலையில் ஆங்கில–தமிழ் அகராதிகளைப் புரட்டினேன். பொருள், பண்டம், உடைமை, செய்தி, செயல், நிகழ்ச்சி, உயிர், கருத்து என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. ஒரு நூலுக்கும் பெயர் இதுதான். ஒரு துரோகத்துக்கும் பெயர் இதுதான். அழும் குழந்தையை அன்போடு சுட்டவும் இது உதவுகிறது. வெறுப்புக்குரிய ஒருவனை மனிதக் கணக்கிலிருந்து தள்ளவும் உதவுகிறது. ‘மை திங்ஸ்’ என்றால் என் உடைமைகள். ‘ஹவ் ஆர் திங்ஸ்’ என்றால் நலம் விசாரிப்பு. இன்றைய இளைஞர் பேச்சில், புதிதாக வழக்கில் வந்துவிட்ட எதுவும் ‘ஒரு திங்’ ஆகிவிடுகிறது.

திவாகர நிகண்டின் பதினோராம் தொகுதி ‘ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி’. அதைப் பாடம் நடத்திய பழக்கத்தால், ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது எனக்கு வியப்பளிப்பதில்லை. ஆங்கிலத்தில் ‘செட்’, ‘ரன்’ ஆகிய இரு சொற்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி நூற்றுக்கணக்கான பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. அவற்றின் முன் ‘திங்’ எளிய சொல்தான். ஆனால் அவற்றுக்கு இல்லாத ஒன்று இதற்கு இருந்தது. இச்சொல்லுக்கு ஒரு காலத்தில் ஒரு முகவரி இருந்தது. வழி கேட்டு அங்கே போய்ச் சேர முடிந்தது; அங்கே மனிதர்கள் காத்திருந்தார்கள்.

ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் கென்ட் நாட்டை ஆண்ட ஹ்லோத்ஹியர், ஈட்ரிக் என்னும் இரு அரசர்களின் பெயரால் ஒரு சிறிய சட்டத்தொகுப்பு உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ரோசெஸ்டர் தேவாலயத்தில் எழுதப்பட்ட படி ஒன்றின் வழியாகவே அது நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒருவன் மற்றொருவன்மீது குற்றம் சாட்டி அவனை அவையிலோ ‘திங்’கிலோ எதிர்கொண்டால், சாட்டப்பட்டவன் பிணை கொடுக்க வேண்டும், கென்ட் நாட்டு நடுவர்கள் விதிப்பதைச் செய்ய வேண்டும் என்கிறது அதன் ஒரு பகுதி. ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று. இங்கே ‘திங்’ என்பது கையில் எடுக்கும் பண்டம் அன்று. மக்கள் கூடி வழக்குத் தீர்க்கும் மன்றம். அதற்கும் முந்தைய வேர் ‘காலம்’ என்பதோடு தொடர்புடையது என்று மொழிநூலார் கருதுகின்றனர். மறைந்துபோன கோதிக் மொழியில் இதன் உறவுச்சொல் காலத்தைக் குறித்தது. ஆகவே குறித்த நாளில் கூடுவது ‘திங்’.

கூடியவர்கள் எப்படிக் கூடினார்கள்? உரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 அளவில் ஜெர்மானியக் குடிகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு சித்திரம் கிடைக்கிறது. புதுநிலவு அல்லது முழுநிலவு நாளில் கூடுவார்கள். படைக்கலங்களோடு வந்து அமர்வார்கள். பூசகர்கள் அமைதி காக்கச் சொல்வார்கள். பேச்சு பிடிக்காவிட்டால் முணுமுணுத்து ஒதுக்குவார்கள். பிடித்தால் ஈட்டிகளை மோதி ஒலி எழுப்புவார்கள். இவர்கள் சொன்ன நாளில் வந்து சேர்வதில்லை, இரண்டு மூன்று நாள் வீணாகிறது என்றும் டாசிட்டஸ் குறைபட்டுக்கொள்கிறார். இலக்கியக் கூட்டங்கள் நடத்தியிருப்பவர்களுக்கு இந்த வரலாற்றாசிரியர்மீது தனிப் பரிவு தோன்றலாம்.

இந்த மன்றத்துக்கு ஒரு கடவுளும் இருந்தார். வட இங்கிலாந்தில் உரோமானியர் எழுப்பிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் 1883ஆம் ஆண்டு பலிபீடங்கள் சில கண்டெடுக்கப்பட்டன. உரோமானியப் படையில் பணியாற்றிய ஜெர்மானிய வீரர்கள் மூன்றாம் நூற்றாண்டில் அவற்றை நிறுவியிருந்தனர். ‘மார்ஸ் திங்க்ஸஸ்’, அதாவது திங்கின் செவ்வாய், என்னும் தெய்வத்துக்கு அவை படைக்கப்பட்டிருந்தன. ஊரைவிட்டு வெகுதொலைவில், குளிரும் மழையும் மிகுந்த எல்லைக் காவலில் இருந்த கூலிப்படையினர் தங்கள் ஊர் மன்றத்தின் தெய்வத்தை உரோமானியப் பெயரோடு இணைத்து வணங்கியிருக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் செவ்வாய்க்கிழமைக்கு இன்றும் வழங்கும் ‘தீன்ஸ்டாக்’ என்னும் பெயரில் இந்தத் திங்கின் தெய்வமே மறைந்திருக்கிறது என்பார்கள்.

அந்த மன்றம் முழு உருவத்தோடு நின்ற இடம் ஐஸ்லாந்து. நார்வேயிலிருந்து சென்று குடியேறியவர்கள் 930 அளவில் தீவு முழுமைக்கும் ஒரு பொது மன்றத்தை அமைத்தார்கள். அதன் பெயர் ‘அல்திங்கி’; அனைவர்க்குமான திங். கூடிய இடம் ‘திங்வெட்லிர்’, திங்குக்குரிய வெளிநிலம். நிலத்தட்டுகள் இரண்டு ஒன்றைவிட்டொன்று விலகும் பிளவின் நடுவே, கரும்பாறைச் சுவர் ஒன்றை முதுகில் தாங்கிய புல்வெளி அது. (930 என்றவுடன் ஏறத்தாழ அதே காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை இங்கே இழுத்துவந்து நிறுத்தும் ஆசை எனக்கும் எழுகிறது. அடக்கிக்கொள்கிறேன்.)

அல்திங்கிக்கு அரசன் இல்லை, காவல்துறை இல்லை, நெடுங்காலம் எழுதப்பட்ட சட்டமும் இல்லை. ‘சட்டம் உரைப்போன்’ என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பதவிக்காலம் மூன்றாண்டு. ஆண்டுதோறும் கோடையில் மன்றம் கூடும்போது, சட்டப் பாறை என்று பெயர் பெற்ற மேட்டில் நின்று, மொத்தச் சட்டத்தில் மூன்றிலொரு பங்கை அவர் நினைவிலிருந்து ஓத வேண்டும். மூன்றாண்டில் முழுச் சட்டமும் ஒருமுறை காற்றில் ஒலித்துவிடும். 1117–18 குளிர்காலத்தில்தான் சட்டங்களை எழுதிவைக்கத் தொடங்கினார்கள். எழுதாக் கிளவி என்று வேதத்தைச் சொல்லும் நம் மரபுக்கு இது புரியக்கூடியதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே ஓதப்பட்டது ஊர் முழுதும் கேட்பதற்காக ஓதப்பட்டது. அவரவர் பேசிய மொழியில் ஓதப்பட்டது.

ஆயிரமாவது ஆண்டில் அங்கே நடந்ததைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அரி தோர்கில்சன் எழுதிவைத்திருக்கிறார். கிறித்தவம் தீவை இரண்டாகப் பிளக்கத் தொடங்கியிருந்தது. இரு தரப்பும் தனித்தனிச் சட்டம் என்று அறிவிக்கும் நிலை வந்தது. முடிவு சொல்லும் பொறுப்பு சட்டம் உரைப்போன் தோர்கெய்ரிடம் வந்து சேர்ந்தது. அவர் பழைய சமயத்தைச் சேர்ந்தவர். தம் கூடாரத்துக்குப் போய் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு பகல் முழுதும் இரவு முழுதும் யாரோடும் பேசாமல் கிடந்தார். மறுநாள் பாறைக்கு வந்து, அனைவரும் கிறித்தவராக வேண்டும் என்று தம் சமயத்துக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னார். குதிரைக்கறி உண்பது, வளர்க்க முடியாத சிசுக்களை வெளியே விட்டுவிடுவது ஆகிய பழைய வழக்கங்களுக்கு அப்போதைக்கு விலக்கு அளித்தார். மறைவாகச் செய்யும் பழைய பலியும் குற்றமாகாது என்றார். கறையில்லாத தீர்ப்பு என்று இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரே சட்டத்தின் கீழ் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு மனிதன் போர்வைக்குள் கழித்த அந்த இரவை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை.

பொற்காலக் கனவுகளுக்கும் இடமில்லை. பேச்சுரிமையின் பெரும்பங்கு ‘கோதி’ எனப்பட்ட தலைவர்களிடமே இருந்தது. தொடக்கத்தில் அவர்கள் முப்பத்தாறு பேர். அடிமைகளுக்குக் குரல் இல்லை. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட பெண்களைச் சாக்கில் கட்டி மூழ்கடித்த மடுவும் அதே திங்வெட்லிரில்தான் இருக்கிறது. 1800இல் டேனிஷ் அரசு மன்றத்தைக் கலைத்தது. 1845இல் ரெய்க்யவிக் நகரில் அது மீண்டும் கூடியது. ஆனால் 1944 ஜூன் 17 அன்று குடியரசை அறிவிக்க வேண்டி வந்தபோது ஐஸ்லாந்தியர் நகரத்தில் கூடவில்லை. கொட்டும் மழையில் பழைய புல்வெளிக்குப் போனார்கள்.

இச்சொல் இப்படி மன்றமாகவே நிலைத்த இடங்கள் இன்னும் உண்டு. நார்வேயின் நாடாளுமன்றம் ‘ஸ்டோர்டிங்’, டென்மார்க்கினது ‘ஃபோல்கெடிங்’, பரோயே தீவுகளுடையது ‘லோக்டிங்’. ஸ்காட்லாந்தில் டிங்வால், ஷெட்லாந்தில் டிங்வால், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் திங்வால் என்று ஊர்ப்பெயர்களாகவும் அது உறைந்து கிடக்கிறது. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மேன் தீவில் ‘டின்வால்ட்’ என்னும் மன்றம் ஆண்டுதோறும் ஜூலை மாதம் நான்கு அடுக்குகளாக அமைந்த புல்மேடு ஒன்றில் கூடுகிறது. புதிய சட்டங்களின் சுருக்கம் அங்கே ஆங்கிலத்திலும் மாங்ஸ் மொழியிலும் படிக்கப்படுகிறது. மாங்ஸைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் 1974இல் இறந்துவிட்டார். பின்னர் கற்று மீட்டவர்களால் அம்மொழி இன்று வாழ்கிறது. இடையில் வாயிலிருந்து உதிர்ந்த மொழிக்கும் மன்றத்தில் இடத்தை வைத்திருந்தார்கள்.

சரி, மன்றத்தைக் குறித்த சொல் கத்தரிக்கோலையும் காலணியையும் குறிக்க எப்படி வந்தது?

நம் பேச்சுத் தமிழில் ‘பஞ்சாயத்து’ என்னும் சொல்லுக்கு நேர்ந்ததைக் கவனித்தால் போதும். ஐவர் கூடும் அவைக்குப் பெயர் அது. இன்று, “வீட்டில் ஒரு பஞ்சாயத்து” என்கிறோம், “இது என்ன புதுப் பஞ்சாயத்து?” என்கிறோம். அவையின் பெயர் அவைக்கு வந்த சிக்கலின் பெயராகிவிட்டது. இன்னும் ஓர் அடி வைத்து, சிக்கலற்ற எந்தச் செய்தியையும் ‘பஞ்சாயத்து’ என்றும், அதற்கும் அடுத்த அடியில் மேசைமேல் கிடக்கும் பேனாவையும் ‘பஞ்சாயத்து’ என்றும் சொல்லத் தொடங்கினால் ‘திங்’ வந்து சேர்ந்த இடத்துக்கு நாமும் வந்து சேர்வோம். கூட்டம், கூட்டத்தில் பேசப்படும் வழக்கு, பேசப்படும் செய்தி, ஏதோ ஒரு செய்தி, ஏதோ ஒன்று. படிக்கட்டில் இறங்குவதுபோல் பொருள் இறங்கியிருக்கிறது.

இது ஜெர்மானிய மொழிகளின் தனிவழி என்று எண்ண வேண்டியதில்லை. இலத்தீனில் ‘காவ்ஸா’ என்பது வழக்கு. அதிலிருந்தே பிரெஞ்சின் ‘ஷோஸ்’, இத்தாலியத்தின் ‘கோஸா’ ஆகியவை பிறந்தன. இரண்டும் இன்று ‘ஏதோ ஒரு பொருள்’ என்றே பொருள்படும். (சிசிலிய மாஃபியா தன்னை ‘கோஸா நோஸ்த்ரா’, நம்முடைய அது, என்று அழைத்துக்கொள்வதில் இந்தப் பொதுமையே மறைப்பாகப் பயன்படுகிறது.) ஜெர்மன் ‘ஸாஹ’ இன்று பொருள், செய்தி, முன்பு பூசல், வழக்கு. அதன் ஆங்கில உடன்பிறப்பு ‘சேக்’. பழைய ஆங்கிலத்தில் அதுவும் வழக்காகவே இருந்தது. இன்று ‘உன் பொருட்டு’ என்பதில் வரும் ‘பொருட்டு’ ஆகத் தேய்ந்துவிட்டது. இலத்தீன் ‘ரெஸ்’ உடைமையையும் வழக்கையும் குறித்தது. குடியரசைக் குறிக்கும் ‘ரிபப்ளிக்’ என்னும் சொல்லில் அது தலைநிமிர்ந்து நிற்கிறது. அதே சொல்லின் மற்றொரு வடிவம் பிரெஞ்சில் ‘ரியான்’ ஆகி, ‘ஒன்றுமில்லை’ என்னும் பொருளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே வேரின் ஒரு கிளை குடியரசு, மற்றொரு கிளை சூனியம்.

ஆக, பொருள் மாற்றத்தில் புதுமை இல்லை. ஆனால் ஐஸ்லாந்தியர் மன்றம் என்னும் பொருளையும் கைவிடாமல் வைத்துக்கொண்டபோது ஆங்கிலம் மட்டும் ஏன் அதை இழந்தது? 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள், மன்றங்கள் பிரெஞ்சு மொழிக்குப் போயின, எனவே ஆங்கிலச் சொல் தெருவுக்கு வந்தது என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். உண்மை அவ்வளவு ஒழுங்காக நடக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆல்ஃபிரட் மன்னர் காலத்து உரைநடையிலேயே ‘திங்’ என்பது ‘செய்தி, பொருள்’ என்னும் பொதுப்பொருளில் தாராளமாக வழங்கியிருக்கிறது. மன்றத்துக்கு ஆங்கிலேயர் மிகுதியும் கையாண்டது ‘மூட்’ என்பதன் முன்வடிவம். ஸ்காண்டிநேவியர் கிழக்கு இங்கிலாந்தில் குடியேறியபோது ‘திங்’குக்கு இரண்டாம் பிறவி வாய்த்தது. அவர்கள் தங்கள் மன்றத்தையும் அதன் சொற்களையும் கொண்டுவந்தார்கள். சட்டத்தைக் குறிக்கும் ‘லா’ என்ற சொல்லே அவர்கள் தந்ததுதான். ‘இடப்பட்டது’ என்பது அதன் அடிப்பொருள். இலண்டனின் பழைய வழக்குமன்றமான ‘ஹஸ்டிங்’ அவர்களுடைய ‘வீட்டு மன்றம்’.

1066க்குப் பிறகு நடந்தது இந்த இரண்டாம் பிறவியின் முடிவு. நீதி, நீதிபதி, வழக்கறிஞர், சாட்சியம், தீர்ப்பு, சிறை, நாடாளுமன்றம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொல்லை எடுத்துப் பாருங்கள். பிரெஞ்சு வழியாக வந்திருக்கும். மண்ணின் சொற்கள் வாயிலுக்கு வெளியே நின்றன. ‘மூட்’ என்பது பல நூற்றாண்டு கழித்து, சட்டக் கல்லூரி மாணவர்கள் பயிற்சிக்காக நடத்தும் பொய் வழக்குக்குப் பெயராக எஞ்சியது. ‘ஹஸ்டிங்ஸ்’ தேர்தல் மேடையைக் குறித்தது. வாக்காளன் அந்த மேடையில் ஏறி எல்லார் முன்னிலையிலும் தன் வாக்கைச் சொல்ல வேண்டியிருந்த முறை 1872இல் மறைமுக வாக்குச் சட்டத்தோடு முடிந்தது. ‘திங்’ நீதியோடு இருந்த கடைசித் தொடர்பையும் இழந்து, பெயர் தெரியாத எல்லாவற்றுக்கும் பெயராயிற்று.

ஆங்கிலேயர் தங்கள் நாட்டில் தங்கள் மொழியில் வழக்காட முடியாதிருந்த காலம் எவ்வளவு நீண்டது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. 1362இல் மூன்றாம் எட்வர்ட் ஒரு சட்டம் இயற்றினார். பிரெஞ்சு மொழி நாட்டில் பலருக்குத் தெரியாததால், வழக்குரைப்போர் தமக்காகவோ தமக்கு எதிராகவோ என்ன சொல்கிறார்கள் என்பது வழக்காடுபவர்களுக்கே விளங்குவதில்லை. ஆகவே இனி ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்றது அது. அந்தச் சட்டம் பிரெஞ்சில் எழுதப்பட்டிருந்தது. பதிவுகள் இலத்தீனில் இருக்கட்டும் என்றும் அது கூறியது.

சட்டம் வந்தும் மொழி மாறிவிடவில்லை. வழக்கறிஞர்கள் ‘சட்டப் பிரெஞ்சு’ என்னும் ஒரு விந்தை மொழியில் மேலும் மூன்று நூற்றாண்டு குறிப்பெழுதினார்கள். 1631இல் சாலிஸ்பரி நீதிமன்றத்தில், தண்டனை விதிக்கப்பட்ட ஒருவன் நீதிபதிமீது செங்கல் துண்டை எறிந்தான். மயிரிழையில் தவறியது. அவன் வலக்கையை வெட்டி, நீதிபதி முன்னிலையிலேயே தூக்கிலிட்டார்கள். இதைப் பதிவு செய்த குறிப்பு பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்த மணிப்பிரவாளம். ‘எறிந்தான்’ என்பது பிரெஞ்சில் வந்துவிடுகிறது. செங்கல் துண்டுக்குப் பிரெஞ்சுச் சொல் வரவில்லை. ஆங்கிலச் சொல்லையே போட்டு நகர்ந்திருக்கிறார். சட்ட மாணவர்கள் இக்குறிப்பை இன்றும் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. செத்தவனை நினைத்தால் அத்தனை வேடிக்கையாக இல்லை.

1650இல் குடியரசுக் காலத்து நாடாளுமன்றம் எல்லாம் ஆங்கிலத்தில் என்றது. 1660இல் மன்னராட்சி மீண்டதும் பழைய முறையும் மீண்டது. 1733இல்தான் இலத்தீனும் பிரெஞ்சும் நீதிமன்ற நடைமுறையிலிருந்து முறையாக விலகின. ஷேக்ஸ்பியர் பிறந்து, எழுதி, இறந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகு! ஒரு மொழியில் உயர்ந்த இலக்கியம் இருக்கிறது என்பதாலேயே அது நீதிமன்றத்துக்குத் தகுதி பெற்றுவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இந்த வாதத்தை நம் மேடைகளில் நாமும் அடிக்கடி தவறாகவே வைக்கிறோம்.

அந்த நெடிய இருமொழிக் காலம் ஆங்கிலத்துக்கு ஒரு செல்வத்தையும் கொடுத்தது. ‘திங்’ என்பதற்கு இன்று அம்மொழியில் உள்ள ஒருபொருட் சொற்களில் பெரும்பாலானவை நீதிமன்றத்தின் வழியாகவும் மடாலயத்தின் வழியாகவும் வந்தவை. ‘மேட்டர்’ மரக்கட்டையாக இருந்தது. வீடு கட்டும் மரம். ‘ஆப்ஜெக்ட்’ என்பது எதிரே எறியப்பட்டது. வழக்கறிஞர் எழுப்பும் ஆட்சேபணையும் அதே வேர். ‘கேஸ்’ என்பது விழுந்தது, நேர்ந்தது. ‘ஆர்ட்டிக்கிள்’ சின்ன மூட்டு. ‘அஃபேர்’ செய்ய வேண்டியது. ‘ஸ்டஃப்’ துணி முதலான மூலப்பொருள். இவற்றில் எனக்குப் பிடித்தது ‘ஐட்டம்’. இலத்தீனில் அது பெயர்ச்சொல்லே அன்று. ‘மேலும்’, ‘அவ்வாறே’ என்னும் இடைச்சொல். உயில் எழுதும்போது ஒவ்வொரு கொடைக்கும் முன்னால் ‘மேலும்’, ‘மேலும்’ என்று எழுதிக்கொண்டே போனார்கள். நாளடைவில் ‘மேலும்’ என்பதே அந்தக் கட்டிலுக்கும் அண்டாவுக்கும் பெயராகிவிட்டது. இலண்டனில் அத்தகைய உயில்களைப் பதிவு செய்து காத்த இடம் அந்தப் பழைய ஹஸ்டிங் மன்றம். பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து பதினேழாம் நூற்றாண்டுவரை அங்கே பதிவான உயில்கள் இன்றும் உள்ளன.

‘கூட்ஸ் அண்ட் சேட்டல்ஸ்’, ‘வில் அண்ட் டெஸ்டமென்ட்’ என்று ஆங்கிலச் சட்டநடை இரட்டையாகப் பேசுவதற்கும் இதுவே காரணம் என்பர். ஒன்று மண்ணின் சொல், மற்றொன்று மேலிருந்து இறங்கிய சொல். நிகண்டு படித்தவர்களாகிய நாம், ஒருபொருட் பன்மொழியை வளம் என்றே எண்ணப் பழகியிருக்கிறோம். வளம்தான். ஆனால் சில இணைகளின் அடியில், ஒரே அறையில் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காமல் நின்ற மனிதர்கள் இருக்கிறார்கள்.

மன்றத்தை இழந்த ‘திங்’ வேறொரு வலிமையைப் பெற்றது. பெயரிட முடியாததைச் சுட்டும் வலிமை. ‘ஹாம்லெட்’ நாடகத்தின் தொடக்கத்தில் கோட்டைக் காவலில் நிற்பவர்களிடையே, இரவில் தோன்றும் ஆவியைப் பற்றிய பேச்சு இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. நம் கிராமத்துப் பெரியவர்கள் இருட்டிய பிறகு பாம்பைப் பாம்பென்று சொல்லாமல் ‘அது’ என்பதைப் போல. ‘மச் அடூ அபௌட் நத்திங்’ என்னும் நாடகத் தலைப்பில், அக்கால உச்சரிப்பில் ‘நத்திங்’ என்பது ‘கவனித்தல்’ என்பதோடு ஒலியொத்து நின்றது. ஒட்டுக்கேட்டும் கவனித்தும் நிகழும் அந்நாடகத்துக்கு அது பொருந்துகிறது.

தத்துவத்தில் இச்சொல்லைப் பற்றிப் பேசினால் ஹைடெகரைத் தவிர்க்க முடியாது. 1950இல் ஆற்றிய ‘தஸ் டிங்’ என்னும் உரையில் அவர் ஒரு மண்குடுவையை எடுத்துக்கொண்டு, பொருள் என்பது கூட்டுவிப்பது, மண்ணையும் விண்ணையும் மனிதரையும் தெய்வத்தையும் ஓரிடத்தில் சேர்ப்பது என்று வாதிட்டார். பழைய ஜெர்மன் சொல் கூட்டத்தைக் குறித்ததையும் துணைக்கு அழைத்தார். ஆழமான உரை. ஆனால் சொல்லின் வேரைத் தோண்டினால் உண்மை கிடைத்துவிடும் என்னும் அந்த நம்பிக்கைமீது எனக்கு ஐயம் உண்டு. நம் சூழலிலும் அது தொற்றிய நோய்தான். உலகமொழிச் சொற்களுக்கெல்லாம் தமிழ் வேர் காட்டும் துண்டறிக்கைகளை மாதம் ஒன்றாவது பெற்றுக்கொண்டிருக்கிறேன். அவருடைய ஜெர்மானியப் புல்வெளி மன்றத்தை அவர் காலத்து ஆட்சி எதற்கெல்லாம் பயன்படுத்திக்கொண்டது என்பதும் நினைவுக்கு வருகிறது. 1930களில் நாஜிகள் தங்கள் பரப்புரை நாடகங்களுக்குக் கட்டிய திறந்தவெளி அரங்குகளுக்கு ‘திங்’ என்றே பெயர் வைத்தார்கள். பேசுவதற்காகக் கூடிய மன்றத்தின் பெயரைக் கைதட்டுவதற்காகக் கூட்டிய கும்பலுக்குச் சூட்டினார்கள்.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ‘திங்’ என்பதற்கு ஒற்றைச் சொல் தேடினால் எனக்குக் கிடைப்பது ‘சங்கதி’. “சங்கதி என்னவென்றால், என்னால் வர முடியாது.” வடமொழியில் ‘சங்கதி’ என்றால் ஒன்றுகூடுதல், சேர்க்கை. தமிழுக்கு வந்து அது செய்தியாகவும் காரியமாகவும் ஆயிற்று. கூடுதலிலிருந்து செய்திக்கு, திங் நடந்த அதே வழி. குடுவைக்கும் காலணிக்கும் மட்டும் அது இன்னும் இறங்கவில்லை. அடுத்த வகுப்பில் இதைச் சொன்னேன். அவர் நிறைவடைந்ததாகத் தெரியவில்லை. “புவர் திங்?” என்றார். அதற்கு நம்மிடம் ‘பாவம்’ என்னும் அருமையான சொல் இருக்கிறது. அதன் கதை வேறு.

அந்த வகுப்பில் நான் சொல்லாத ஒன்று உண்டு. ‘மன்றம்’ நம்முடைய பழைய சொல்; சங்கப் பாடல்களில் ஊர் நடுவே மரத்தடியில் மக்கள் கூடிய வெளி. அதை ‘நீதிமன்றம்’ என்று பெயர்ப்பலகையில் மீட்டுவிட்டோம். கீழமை நீதிமன்றங்களில் தமிழ் ஒலிக்கவும் செய்கிறது. உயர் நீதிமன்றங்களின் மொழி அரசியலமைப்பின் 348ஆம் பிரிவின்படி ஆங்கிலம். குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநில ஆளுநர் வேறு மொழிக்கு இடம் தரலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவற்றில் இந்திக்கு அந்த இடம் கிடைத்தது. 2006இல் தமிழக சட்டப்பேரவை தமிழுக்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சொந்த மன்றத்துக்குள் நுழைய எட்வர்ட் காலத்திலிருந்து 1733வரை காத்திருந்த மொழிதான் அங்கே இன்று வீற்றிருக்கிறது.

என் தந்தைக்கும் அவர் தம்பிக்கும் இடையே ஒரு பாகப்பிரிவினை வழக்கு இருந்தது. ஒன்றரை ஏக்கர் நஞ்சை, ஒரு பங்குக் கிணறு. பதினான்கு ஆண்டு நடந்து மேல்முறையீட்டில் முடிந்தது. தீர்ப்பு நாளன்று நானும் உடன் போயிருந்தேன். அப்போது கல்லூரியில் முதலாண்டு. கூடம் நிறைந்திருந்தது. இரு தரப்பு வழக்கறிஞர்களும் எழுந்தார்கள், பேசினார்கள், அமர்ந்தார்கள். நீதிபதி ஏதோ படித்தார். சில நிமிடங்களில் அடுத்த வழக்கை அழைத்துவிட்டார்கள். வெளியே தாழ்வாரத்தில் சித்தப்பாவும் நின்றுகொண்டிருந்தார். இருவரும் பதினான்கு ஆண்டாகப் பேசிக்கொள்ளாதவர்கள். வெற்றி யாருக்கு என்று இருவருக்குமே தெரியவில்லை. அப்பா தம் வழக்கறிஞரைத் தேடிக் கண்ணை ஓட்டினார். அவர் அடுத்த வழக்குக்காக உள்ளேயே இருந்தார். பிறகு, அருகில் வேறு யாரும் இல்லாததால்தான் என்று நினைக்கிறேன், தம்பியின் பக்கம் திரும்பி, “என்னடா சங்கதி?” என்று கேட்டார்.